கீழே பார்த்தால் இரண்டு

துறைமுகக் கம்பெனியின் டாக்டர் ஆல்டெரிங்க் கரண்டி போலிருந்த கறுப்பு மூடியை எடுத்து மார்லூஸின் வலது கண்ணை மறைத்தார். எதிர்ச் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை அவள் இடது கண்ணால் கடைசி வரிவரை படித்தாள். கரண்டி இடது கண்ணுக்கு மாறியது. அதே வரியை வலது கண்ணாலும் தடங்கலில்லாமல் படித்தாள். எந்த எழுத்திலாவது தடுமாறுகிறாளா என்று டாக்டர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம். என் கண்ணைவிட உங்க கண்ணு நல்லா இருக்கு. திங்கட்கிழமை கிரேன் ஏறலாம்."

"ஏற முடியாது டாக்டர். எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"இப்போ எழுத்து ரெண்டாவா தெரிஞ்சுது?"

"இல்ல. நீங்கதான் ஒரு கண்ணை மூடிட்டீங்களே. திறந்திருக்கிறது ஒரு கண்ணு, அதுல எப்படி ரெண்டு தெரியும்?"

அவள் வாயாடுகிறாள் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "பாருங்க மார்லூஸ், வலது கண்ணு முழுசா சரி. இடது கண்ணும் முழுசா சரி. சரியான ரெண்டு சேர்ந்தா தப்பா போகுமா? தலையில அடிபட்டவங்களுக்கு உயரத்து மேல ஒரு பயம் வர்றது சகஜம். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. பேசிப் பார்க்க நல்ல ஆலோசகர் ஒருத்தர் இருக்காங்க."

"நான் உயரத்துலேர்ந்து விழல. தரையிலேர்ந்து நாலாவது படியில வழுக்கினேன்."

"இருக்கட்டுமே," என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்துவிட்டார்.

காதுமடல் சூடேற மார்லூஸ் வெளியே வந்தாள். அந்த ஆளிடம் இதை அவள் சொல்வது மூன்றாவது முறை.

ராட்டர்டாம் துறைமுகத்தில் அவள் பதினொரு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறாள். ஓட்டுநரின் கேபின் கப்பலுக்கு மேலே, பதினைந்து மாடி உயரத்தில் தொங்கும். அதன் தரை கண்ணாடி. ஓட்டுநர் முன்னால் குனிந்து, தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டேதான் வேலை செய்யவேண்டும். கீழே தீப்பெட்டிகள் போலக் கன்டெய்னர்கள். அவற்றுக்கிடையே மஞ்சள் சட்டை போட்ட மனிதர்கள், நீண்ட இரும்புக் கம்பிகளால் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்துக் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள். முப்பது டன் பெட்டியை அந்த மனிதர்களின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சாண் பிசகாமல் இறக்குவதுதான் மார்லூஸின் தொழில். ஒரு நாளும் பிசகியதில்லை.

உறைபனி விழுந்த ஒரு காலையில் கிரேனின் படிக்கட்டில் கால் வழுக்கியது. ஹெல்மெட்டின் பின்பக்கம் கைப்பிடிக் குழாயில் மோதியது. கொஞ்ச நேரம் நினைவு தப்பிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தலைவலி சில வாரத்தில் போய்விட்டது. போகாதது ஒன்றுதான். நேராகப் பார்த்தால் எப்படியோ சமாளித்துவிடலாம். கீழே பார்த்தால் ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் இன்னொன்று முளைத்தது, அதுவும் கோணலாக.

உணவறையில் பட்டாணி சூப் மணத்தது. ஷிப்ட் மேலாளர் ரீனஸ் தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தான்.

"என்ன சொன்னார் டாக்டர்?"

"கண்ணு நல்லா இருக்காம்."

"அதான் நானும் சொன்னேன். ரெண்டு பெட்டி தெரிஞ்சா நல்லதுதானே? ஒரு தடவை தூக்கினா ரெண்டு கணக்கு. எனக்கு அந்த மாதிரி நாலு பேர் வேணும்!"

மேசையே சிரித்தது. கம்பி கட்டும் வெசெல் சிரித்த சிரிப்பில் ரொட்டித் துண்டு வெளியே வந்து விழுந்தது. அவளுடைய கிரேனுக்குக் கீழே ஏழு வருடமாக நிற்பவன் அவன். நிழலைப் பார்த்தே அவள் பெட்டியை எங்கே இறக்கப்போகிறாள் என்று சொல்வான்.

"அது கிடக்கட்டும் மார்லூஸ்," என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு. "நீ ஏன் இப்பல்லாம் கோழி மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டே பார்க்குற?"

"யாரு, நானா?"

"நீதான். இடது தோள்ல காதை வச்சு ரேடியோ கேட்குற மாதிரி."

ரீனஸ் விடவில்லை. "அது பாவ முகம்டா. அப்படி வச்சுக்கிட்டா லீவு கிடைக்கும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

மார்லூஸ் தலையை நேராக நிமிர்த்தினாள். அந்தக் கணமே சூப்புக் கிண்ணம் இரண்டாகப் பிரிந்தது. தன்னையறியாமல் மறுபடி சாய்த்தாள். கிண்ணம் ஒன்றானது. தான் இத்தனை நாளாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பொய்க்காரி என்றால்கூடப் பொறுத்திருப்பாள். கெஞ்சும் முகம் வைத்து லீவு கேட்பவள் என்று சொன்னதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. சூப்பையும் விழுங்க முடியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக நிற்கும். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஏறும்போது தொல்லையில்லை. இறங்கும்போது எது நிஜப்படி, எது பொய்ப்படி என்று கால் தேடியது. பதினைந்து மாடி உயரத்துக்குக் கூசாதவள், தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்கினாள். இதைப் பார்க்க அந்த ஆல்டெரிங்கைக் கூட்டிவர வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்தாள்.

அவளுடைய குடும்ப மருத்துவர் அதிகம் பேசாமல் கண் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அங்கே கண்களின் அசைவை மட்டுமே பரிசோதிப்பவளான ஃபென்னா லுப்பெர்ஸ் இருந்தாள். குட்டை முடி, சட்டைப்பையில் ஒரு பொம்மை வாத்து. குழந்தைகளைப் பார்க்க வைக்க அது. மார்லூஸ் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் ஃபென்னா, "அப்படியே இருங்க, தலையை அசைக்காதீங்க," என்றாள். "இந்தச் சாய்வு எப்போலேர்ந்து?"

"நான் நடிக்கல," என்றாள் மார்லூஸ்.

"நடிக்கிறீங்கன்னு யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

ஃபென்னா தலையை நேராக்கச் சொல்லிவிட்டு, அதே கறுப்புக் கரண்டியை எடுத்து வலது கண்ணை மறைத்தாள். பிறகு சட்டென்று இடது கண்ணுக்கு மாற்றினாள். மறுபடி வலது. மறுபடி இடது. ஒரு எழுத்தைக்கூடப் படிக்கச் சொல்லவில்லை. அவள் பார்த்ததெல்லாம் மார்லூஸின் கண்ணைத்தான். பிறகு தலையை வலது தோள் பக்கம் சாய்க்கச் சொல்லி அதையே திரும்பச் செய்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"கண்டுபிடிச்சாச்சு! மன்னிச்சிருங்க, உங்களுக்குக் கஷ்டம், எனக்குச் சந்தோஷம். நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?"

"கிரேன் ஓட்டுறேன்."

"கிரேனா? அப்போ இது உங்களை மாதிரி யாருக்கும் புரியாது!" ஃபென்னா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஷூ கயிற்றையும் ஒரு சாவி வளையத்தையும் எடுத்து, கயிற்றை வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினாள். "ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசை இழுத்துத் திருப்புது. அஞ்சு தசை நேரா இழுக்கும். ஒண்ணு மட்டும் சுத்து வழி. கண்குழியோட பின்பக்கத்துலேர்ந்து கிளம்பி மூக்குப் பக்கமா முன்னால வருது. அங்க எலும்புல ஒட்டின ஒரு சின்ன வளையம். அதுக்குள்ள நுழைஞ்சு, அப்படியே திரும்பிப் பின்னால போய்க் கண்ணோட மேல்பக்கத்துல ஒட்டிக்குது. இது என்ன?"

மார்லூஸ் கயிற்றையும் வளையத்தையும் பார்த்தாள். "கப்பி."

"கப்பியேதான்!"

"வடம் பின்னாலேர்ந்து வந்து, முன்னால கப்பியில திரும்பி, சுமையைத் தூக்குது. எங்க கிரேன்லயும் இப்படித்தான்."

"உங்க தலைக்குள்ளேயும் ரெண்டு இருக்கு. அந்தத் தசை இழுத்தா கண்ணு கீழ இறங்கும், கொஞ்சம் உள்பக்கமா உருளவும் செய்யும். உங்க வலது கண்ணுல அந்தத் தசை தளர்ந்துபோச்சு. அதனால அந்தக் கண்ணு லேசா மேல நிக்குது, வெளிப்பக்கமா உருண்டிருக்கு. கீழ பார்க்கணும்னா ரெண்டு கண்ணும் சேர்ந்து இறங்கணும். இடது இறங்குது, வலது பின்தங்குது. ரெண்டும் வேற வேற இடத்தைப் பார்க்குது."

"அதான் ரெண்டு பெட்டி."

"ஒண்ணு கீழ, கோணலா."

தன் கோளாறு இவ்வளவு ஒழுங்கான இயந்திரத்தில் நடந்திருக்கிறது என்று தெரிந்ததில் மார்லூஸுக்கு விசித்திரமான ஒரு ஆறுதல் வந்தது. "கப்பி உடைஞ்சுருச்சா?"

"இல்ல, கப்பியும் நல்லா இருக்கு, வடமும் நல்லா இருக்கு. மோட்டாருக்குப் போற கம்பிதான் அடி வாங்கிருச்சு. அந்தத் தசைக்குன்னு தனியா ஒரு நரம்பு. கண்ணுக்குப் போற நரம்புகள்லயே ரொம்ப மெல்லிசு. மத்ததெல்லாம் மூளைத்தண்டோட முன்பக்கத்துலேர்ந்து கிளம்பும். இது மட்டும் முதுகுப்பக்கம் கிளம்பி, மூளைத்தண்டைச் சுத்தி வளைச்சுக்கிட்டு முன்னால வருது. நீளமான பாதை, மெல்லிசான நூல். தலை டங்குனு மோதுறப்போ உள்ள மூளை ஆடும். ஆடுறப்போ முதல்ல அடிபடுறதுல இதுவும் ஒண்ணு. எலும்பு முறிய வேண்டியதில்ல, ஸ்கேன்ல தெரியவும் வேண்டியதில்ல."

"தலையைச் சாய்க்கிறது?"

"இடது பக்கம் சாய்ச்சா, உருள வேண்டிய வேலை அந்தத் தசைக்குக் குறையுது. படம் ஒண்ணாகுது. உங்க மூளை உங்ககிட்டகூடக் கேட்காம அதைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கு. வலது பக்கம் சாய்ச்சா கண்ணு மேல எகிறும். அதைத்தான் இப்போ பார்த்தேன். இதை நடிக்க உலகத்துல யாராலயும் முடியாது."

மார்லூஸ் கேட்டாள்: "எங்க கம்பெனி டாக்டர் கையிலயும் இதே கரண்டிதான் இருந்துச்சு. இதே மாதிரிதான் வலது மூடினார், இடது மூடினார். அவருக்கு ஏன் தெரியல?"

"மூடி மாத்துறப்போ உங்க வலது கண்ணு மேலேர்ந்து கீழ இறங்கியிருக்கணுமே. அவர் எங்க பார்த்துக்கிட்டிருந்தார்?"

"அட்டையை."

ஃபென்னா கரண்டியை மேசையில் வைத்தாள். அதுவரை அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. "ஒரு கண்ணை மூடினா இந்த நோயே இருக்காது. நேரா சுவரைப் பார்த்தா பாதி இருக்காது. கீழ பார்த்து வேலை செய்றவங்களை, சுவரைப் பார்க்க வச்சு, அதுவும் ஒத்தைக் கண்ணால..." வாக்கியத்தை முடிக்காமல், கம்பெனி டாக்டரின் எண்ணைக் கேட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

பெரும்பாலும் சில மாதத்தில் நரம்பு தானாகத் தேறிவிடும் என்று அவள் சொன்னாள். அதுவரை தெருவில் நடக்க, பவர் இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடியின் வலது வில்லையில் படத்தை மேலே தூக்கும் ஒரு மெல்லிய தகட்டை ஒட்டிக்கொடுத்தாள். "இது நேரா பார்க்கிறதுக்கு மட்டும். கீழ பார்த்தா வித்தியாசம் கூடும், இது ஈடுகொடுக்காது. கோணலையும் நிமிர்த்தாது. கேபினுக்கு இது உதவாது," என்று டாக்டர் ஆல்டெரிங்கிடம் தொலைபேசியில் ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள். மார்லூஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

மறுநாள் ரீனஸிடமிருந்து அழைப்பு வந்தது.

"கண்ணாடி குடுத்துட்டாங்களாமே? டாக்டர் சொன்னார், நேரா பார்த்தா ஒண்ணாத்தான் தெரியுதாம். அப்போ திங்கட்கிழமை வா."

"கீழ பார்த்தா ரெண்டுன்னு அவங்க சொன்னாங்களே, அதைச் சொல்லலையா டாக்டர்?"

"அப்போ ஒரு கண்ணுல பிளாஸ்திரி ஒட்டிக்கோ."

"ஒத்தைக் கண்ணோட நான் ஆழத்தை எதை வச்சுடா அளக்குறது? பெட்டிக்கும் வெசெல் தலைக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு?"

"எனக்கு ஆள் இல்ல மார்லூஸ். டாக்டர் சரின்னுட்டார். ஏறலேன்னா நீயே வேலை வேண்டாம்னு சொன்ன மாதிரி."

திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. தளம் காய்ந்திருந்தது. அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் தொடங்குமுன் ஓட்டுநரும் கட்டுபவர்களும் கிரேனின் காலடியில் வட்டமாக நிற்பார்கள். ஓட்டுநர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பெயர் சொல்லி, "நீ என் கண்ணுல இருக்க," என்று சொல்லவேண்டும். அதைக் கேட்காமல் யாரும் கிரேனுக்குக் கீழே போகமாட்டார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதியதில்லை, ஆனால் எவனும் மீறியதில்லை.

வட்டம் கூடியது. மார்லூஸ் நடுவே நின்றாள். ரீனஸ் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். எல்லோரும் அவள் தொடங்கக் காத்திருந்தார்கள். அவள் தொடங்கவில்லை.

"சொல்லு," என்றான் ரீனஸ்.

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"பொய்யாயிடும். வெசெல், உன் கம்பியை என் கால்கிட்ட தரையில வை. எனக்குக் குறுக்கா, நேரா. வச்சுட்டு வந்து என் தலையைப் பிடி."

"தலையையா?"

"ரெண்டு கையாலயும். சாயவிடாதே. பாவ முகம் வைக்கிறேன்னு யாரும் சொல்லக்கூடாது பாரு."

வெசெலின் காது சிவந்தது. கம்பியை வைத்துவிட்டு, கையுறையோடு அவள் ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்தான். மார்லூஸ் கண்ணாடி போட்டபடியே முட்டிபோட்டு, கண்களை மட்டும் தாழ்த்தினாள். பெட்டிகளில் அடையாளம் போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே தளத்தில் வரைந்தாள். மேலே நேராக ஒரு கோடு. அதன் அடியில் இன்னொரு கோடு, சாய்வாக. வலது முனையில் இரண்டும் நெருங்கி, அம்புமுனை போல ஆயின.

எழுந்து நின்றாள். "தரையில இருக்கிறது ஒரே கம்பி. எனக்குத் தெரியிறது இது. முப்பது டன்னை எந்தக் கோட்டு மேல இறக்கட்டும்? சொல்லு ரீனஸ். மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா? கீழ இருக்கிறதுன்னா அங்க வெசெல் நிக்கிறான்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"கோடு யார் வேணாலும் போடலாம்," என்றான் ரீனஸ். ஆனால் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. "டாக்டர் எழுதிக் குடுத்ததுதான் எனக்கு."

அப்போது வெசெல் அவள் ஹெல்மெட்டிலிருந்து கையை எடுத்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரித்து, "நிறுத்து!" என்று கத்தினான். தளத்தில் அந்தச் சைகையை யார் காட்டினாலும், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் நிறுத்தவேண்டும். பக்கத்துக் கிரேன் பெட்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றது. லாரிகள் நின்றன. கட்டுபவர்கள் ஒவ்வொருவராகக் கம்பியைத் தரையில் போட்டார்கள்.

"என்னடா பண்ற நீ?" ரீனஸ் பதறினான்.

"நான் அவ கண்ணுல இல்ல," என்றான் வெசெல். "அவளே சொல்றா. அப்புறம் நான் ஏன் உள்ள போகணும்? அந்த டாக்டரை வரச்சொல்லு. இல்லேன்னா நீ வந்து கீழ நில்லு."

ரீனஸ் வேறு வழியில்லாமல் போன் செய்தான். கொஞ்ச நேரத்தில் வாயில் பக்கத்திலிருந்து டாக்டர் ஆல்டெரிங்க் மெல்லிய ஷூவோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். கரண்டியை எடுத்துவரவில்லை. மார்லூஸ் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சுட்டினாள்.

"அது போதும். அதை வச்சு மூடுங்க. இந்தத் தடவை இங்க சுவர் இல்ல டாக்டர், நீங்க என்னைத்தான் பார்க்கணும்."

கண்ணாடியைக் கழற்றினாள். அவர் அட்டையால் அவள் வலது கண்ணை மறைத்தார், பிறகு இடதுக்கு மாற்றினார். விடுபட்ட வலது கண் மேலேயிருந்து வழுக்கி இறங்கி அவர் முகத்தில் வந்து நின்றது. அவர் புருவம் சுருங்கியது. மறுபடி செய்தார். மறுபடி இறங்கியது. அவள் தானாகவே தலையை வலது தோள் பக்கம் சாய்த்தாள். இந்த முறை அட்டையை விலக்கியபோது கண் இன்னும் உயரத்திலிருந்து இறங்கியது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த ரீனஸ்கூட ஒரு அடி பின்வாங்கினான்.

"சுவாரசியமா இருக்கே," என்றார் டாக்டர் தன்னை மறந்து.

"சுவாரசியமா?" மார்லூஸின் குரல் தளம் முழுக்கக் கேட்டது. "என் வீட்டுப் படியில நான் உட்கார்ந்து இறங்குறேன், அது சுவாரசியம். என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னீங்க, அதுவும் சுவாரசியம். இன்னிக்கு இவன் தலை மேல பெட்டி இறங்கியிருந்தா ரொம்பச் சுவாரசியமா இருந்திருக்கும், இல்ல?"

"இல்ல... நான்... நீங்க முன்னாடியே தெளிவா..."

"மூணு தடவை சொன்னேன். நீங்க ஒரு கண்ணை மூடிட்டீங்கன்னுகூடச் சொன்னேன். அந்தக் கண்ணு உங்க மூக்குக்கு முன்னாடிதான் குதிச்சுக்கிட்டிருந்துச்சு. போன்ல அந்தம்மா சொன்னாங்க, அதையும் பாதிதான் கேட்டீங்க."

டாக்டர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தெரியாமல் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்புதான்," என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க ஏற வேண்டாம். சரியாகுற வரைக்கும்."

ரீனஸ் வேறொரு ஓட்டுநரைக் கூப்பிடப் போனான். போகும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. வெசெல் தன் கம்பியை எடுத்துக்கொண்டு, "அந்தக் கோழி பேச்சு..." என்று இழுத்தான்.

"அதை உணவறையில எல்லாருக்கும் கேட்குற மாதிரி சொன்னே. மன்னிப்பையும் அங்கேயே கேளு."

"சரி," என்றான் அவன்.

டாக்டரோடு அவள் அவருடைய அறைவரை நடந்தாள். வெளியே நாற்காலியில் வேறொரு கிரேன் ஓட்டுநர், வருடாந்திரப் பரிசோதனைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். உள்ளே சுவரில் அட்டை எப்போதும்போல நேரெதிரே தொங்கியது. மார்லூஸ் அதை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"என்ன பண்றீங்க?"

அவள் அட்டையைத் தரையில், நோயாளியின் நாற்காலிக்கு முன்னால், கால்கள் வைக்கும் இடத்தில் படுக்க வைத்தாள். பிறகு மேசையிலிருந்த கறுப்புக் கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு, இங்க பார்க்கச் சொல்லுங்க. எங்க வேலை இங்கதான் இருக்கு. அப்புறம் இதை வச்சு மூடுங்க. மூடுறப்போ அட்டையைப் பார்க்காதீங்க."

கதவைத் திறந்து வெளியே காத்திருந்தவனிடம், "போ, உள்ள கூப்பிடுறார்," என்றாள்.